‘தப்பா நெனச்சுக்காதீங்க’ என்பது மன்னிப்பு ஆகாது

கண்ணு,

உன் அம்மாவின் உடலை நம் கோயிலுக்குள் கொண்டுபோக விடவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, கோயில் கேட்டைச் சாத்திவிட்டு அதற்கு வெளியே நின்று "உள்ள வேண்டாங்கண்ணா" என்று சொன்னவர் அன்றைக்குச் சபைச் செயலாளராக இருந்த மனோகரன். அடுத்த மாதம் உனக்கு மாமனாராகப் போகிறவர். அம்மாவுக்குக் கோயிலில் ஆராதனை நடக்கவில்லை. துக்க மணி அடிக்கவில்லை. நம் வீட்டு வாசலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பெட்டியை வைத்தோம். நீ புனேயிலிருந்து வந்து இறங்கியதும் அழுதுமுடித்துவிட்டு, "கோயிலுக்கு எப்பங்கப்பா கொண்டுபோறோம்?" என்று கேட்டாய். "மழ வர்ற மாதிரி இருக்குது கண்ணு, இங்கயே வெச்சு ஜெபம் பண்ணீரலாம்" என்று சொன்னேன். அன்றைக்கு மழை வரவே இல்லை. அப்புறம் யார் யாரோ சொல்லி உனக்குப் பாதி தெரிந்தது. மீதிப் பாதி இந்தக் கடிதத்தில் இருக்கிறது. இதை நீ ஒளித்துவைக்க வேண்டாம். நீ கட்டிக்கொள்ளப்போகிற பிரிசில்லாவும் படிக்கட்டும், அவள் அப்பாவும் படிக்கட்டும்.

போன ஞாயிறு உன் கல்யாண ஓலையை முதல் தடவை கோயிலில் வாசித்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். நான் யாரோடும் பேசாமல் வந்துவிட்டேன் என்று உனக்குச் செய்தி வந்திருந்தது. "மாமா நேர்ல வந்து கேட்டுட்டாரில்லீங்கப்பா? இன்னும் என்னங்க? ஆண்டவரே மன்னிச்சுட்டாரு, நீங்க மட்டும் புடிச்சு வெச்சிட்டிருந்தா எப்படிங்க?" என்று கேட்டாய். மரியாதையாகத்தான் கேட்டாய். அம்மாவின் வளர்ப்பு. நான் போனை வைத்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுத உட்கார்ந்து இது நான்காவது நாள். கை வலிக்கிறது. ஐம்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கைக்குப் பேனா இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை.

மனோகரன் கேட்டார் என்கிறாய். அவர் என்ன கேட்டார் என்று எழுதுகிறேன். பெண் கொடுக்கச் சம்மதம் சொல்ல வந்த அன்று, பழத்தட்டோடு, சம்சாரத்தோடு, கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். நீ காப்பியை வைத்துவிட்டு, பலகாரம் எடுக்க உள்ளே போயிருந்தாய். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, பழசையெல்லாம் மனசுல வெச்சுட்டு எங்களத் தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். "அட, பரவால்ல உடுங்க" என்று சொல்ல வேண்டும். நான், "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றேன். கமிட்டிக்காரரில் ஒருவர் உடனே, "அதான் காப்பியே குடுத்துட்டாரில்ல! அப்பறம் என்னங்க, எல்லாஞ் சரியாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் தட்டோடு வந்து, எதற்கென்று தெரியாமலேயே சிரித்தாய்.

அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார். தப்பா நெனச்சுக்காதீங்க. அதில் தப்பு எங்கே இருக்கிறது? சொல்கிறவர் செய்ததில் இல்லை. கேட்கிறவன் நினைப்பதில் இருக்கிறது. நான் ஏதோ செய்தேன், அதை நீ தப்பாக எடுத்துக்கொண்டால் அந்தத் தப்பு உன்னுடையது என்று அர்த்தம். நம் பக்கத்தில் மரியாதைக்குக் குறைவே இல்லை. காலை மிதித்தாலும் சரி, கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டாலும் சரி, பொணத்தை வாசலில் நிறுத்தினாலும் சரி, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தைதான், கடைசியில் ஒரு ‘ங்க’வோடு. "நான் செஞ்சது தப்புங்க" என்று ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையிடம் சொல்லி என் எழுபத்தொரு வயதில் நான் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். ஒருவன் குடித்திருந்தான். இன்னொருவன் சாகக் கிடந்தான்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். வேதத்தைத் தானாக எழுத்துக்கூட்டிப் படித்து, உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை போன விளக்கவுரைகளைத் தேடி வாங்கி, ஷிப்டு முடிந்து வந்து படித்தவன். படித்தவர்கள் என்னைத் திருத்தலாம். எனக்குப் புரிந்தது இதுதான். ‘பரவால்ல உடு’ என்று சொல்லி ஆண்டவரால் நம் பாவத்தை விட்டுவிட முடிந்திருந்தால் சிலுவையே தேவைப்பட்டிருக்காது. மேலே இருந்தபடியே கையை அசைத்து, பரவாயில்லை போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன செலவு? ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. நடந்தது நடந்ததுதான், அது சாவு வரைக்கும் போகிற காரியம்தான் என்று ஒப்புக்கொண்டு, அதைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டார். பாவநிவாரணம் என்று நாம் பாட்டில் பாடுகிற வார்த்தைக்கு அதுதான் அர்த்தம் என்று நினைக்கிறேன். மன்னிப்பு என்பது ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது அல்ல. ஆனது என்ன என்று முழுசாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் விடுவது. தப்பா நெனச்சுக்காதீங்க என்று ஒருவரும் பரவால்ல என்று இன்னொருவரும் சொல்லிவிட்டால், அந்த இரண்டுக்கும் நடுவில் சிலுவையை நட இடமே இல்லை.

பழைய ஏற்பாட்டுக் காலத்தில் பலி கொடுக்க வருகிறவன் தன் கையை ஆட்டின் தலைமேல் வைக்க வேண்டும். வருஷா வருஷம் இதைப் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள்தான் உறைத்தது. ஆசாரியனின் கை அல்ல, தப்பு செய்தவன் தன் சொந்தக் கையை வைக்க வேண்டும். சூடான, உயிருள்ள தலை. கைக்குக் கீழே அது அசையும். இது என்னுடையது என்று அந்தக் கை சொல்கிறது. நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் வார்ப்பில் சின்ன ஓட்டை விழுந்தால் சில பேர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் அழுத்தம் ஏறியதும் சரியாக அந்த இடத்தில் பீய்ச்சும். அந்த ஓட்டை இருக்கிறது என்று எழுதி, உடைத்து, மறுபடி உலையில் போடுகிறவனைத்தான் நான் வேலைக்காரன் என்று சொல்வேன். அதனால் எனக்கு ஃபோர்மேன் வேலை கடைசிவரை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மனோகரன் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவர் அவர்தான். அம்மா இறந்த சமயம் ஆயர் ஊரில் இல்லை. பொறுப்பு மனோகரன் கையில். கமிட்டித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. கேட் முன்னால் என்னிடம் சொன்னார்: "அண்ணா, அண்ணி ஆனைமலைக்குப் போயி மொளகா அரச்சது எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சுங்க. நான் உள்ள உட்டா, அந்நிய தேவதைக்குச் செஞ்சவங்களுக்குக் கோயில்ல ஆராதனையான்னு எந்திரிச்சுக்குவாங்க. என்னய வெச்சுச் செஞ்சுபோடுவாங்க. நீங்களே பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க." உன் அம்மா வீட்டுக்குள் வெள்ளைச் சேலையில் கிடக்கிறாள். நான் செருப்புக்கூடப் போடாமல் நிற்கிறேன். அவர் தேர்தலைப் பற்றிப் பேசினார்.

உன் தாத்தா, என் அப்பா, காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆள். தோட்டத்துக்காரர் ஊட்டு வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்று, ஏனுங்க, சரிங்க என்று சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவர். அவரை எது கோயிலுக்கு இழுத்தது என்று ஒரு தடவை கேட்டேன். தத்துவம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "உள்ள வான்னு கூப்பிட்டாங்க, போனேன்" என்றார். அவ்வளவுதான் அவர் விசுவாசம். நாம் உள்ளே போவதற்கென்றே வந்த ஒரு வாசல் அது. மனோகரனின் தாத்தாவும் அப்படித்தான் வந்தவர், இரண்டு பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வாங்கியவர்கள். வெளியே நிறுத்தப்பட்டவனின் பேரன் வெளியே நிறுத்தினான். அதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். என்னை நிறுத்தியிருந்தால் அதை மன்னிக்கிற உரிமை என்னுடையது. நிறுத்தப்பட்டவள் உன் அம்மா. அவளுக்காக நான் ‘பரவால்ல’ என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் போன ஞாயிறு கோயிலுக்குப் போனேன். இனி எழுதுவது உனக்குத் தெரியாது. ஆயர் உன் பேரையும் பிரிசில்லாவின் பேரையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்றார். வழக்கம்போல ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லாத ஒரு நிறுத்தம் அது. நான் எழுந்தேன். ஆமாம் கண்ணு, உன் கல்யாணத்துக்குத் தடை சொல்ல எழுந்தேன். இரண்டு கையையும் முன்பெஞ்சில் ஊன்றி, முழங்கால் கடகடக்க, பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் நான் பாத்ரூம் போகிறேன் என்று நினைத்துக் காலை ஒதுக்கி, "போங்க போங்க, மெதுவாப் போங்க" என்றார். அதற்குள் ஆயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முழங்கால் வலியால் உட்காரவில்லை. எழுந்த அந்த நொடியில் ஒரு கேள்வி தெரிந்தது. நான் தடை என்று சொன்னால், என்ன தடை என்று கேட்பார்கள். அம்மாவை வாசலில் நிறுத்தியதைச் சொல்வேன். ஏன் நிறுத்தினார் என்று கேட்பார்கள். ஆனைமலையில் மிளகாய் அரைத்ததைச் சொல்ல வேண்டும். அது மனோகரனுக்கு எப்படித் தெரிந்தது என்று யாராவது ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். மனோகரனுக்கும் கூட நின்று கேட்ட சிலருக்கும் தெரியும், ஆனால் ஆறு வருஷமாக அவர்கள் யாரும் அதை வெளியில் சொல்லவில்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

அம்மா இறப்பதற்கு ஏழெட்டு மாதம் முன்னால் உன் பெரியம்மாவின் இரண்டு ஆடுகளை யாரோ திருடிவிட்டார்கள். பெரியம்மா ஆனைமலையிலேயே இருக்கிறவள், அம்மாவைப் போல ஞானஸ்நானம் வாங்காமல் அம்மன்மேல் பாரத்தைப் போடுகிறவள். அநியாயம் நடந்தவர்கள் மாசாணியம்மன் கோயில் கல்லில் வரமிளகாயை அரைத்து, அங்கிருக்கிற நீதிக்கல்லில் பூசி நியாயம் கேட்பது அங்கே வழக்கம். பெரியம்மாவுக்கு அப்போது வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. தங்கச்சியைக் கூப்பிட்டாள். அம்மா போனாள். அக்காவுக்குக் கை வராததால் குழவியைத் தான் பிடித்து அரைத்துக் கொடுத்தாள். நடந்தது அவ்வளவே. திரும்பி வந்து, கையெல்லாம் எரிய எரிய, அடுக்களையில் நின்று என்னிடம் சொன்னாள்: "ஏனுங்க, கர்த்தர் கோவிச்சுக்குவாருங்களா?" நான் சிரித்தேன். "நம்மூட்டு அம்மிக்கல்லுல தெனமும் அரைக்கறீல்ல? அதுக்குக் கோவிச்சுக்கறவரு இல்ல, இதுக்கும் கோவிச்சுக்க மாட்டாரு. போய் எண்ண தேச்சுக் கையக் கழுவு அம்மணி" என்றேன். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. தன் கணவன் வேதம் படித்தவன், அவன் சொன்னால் சரிதான் என்று நம்பினாள். "யார்ட்டயும் சொல்லீறாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, கோயில் காம்பவுண்டில் டீ குடித்துக்கொண்டு ஆறேழு ஆண்பிள்ளைகள் நின்றோம். அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. மனோகரன், "ஏனுங்கண்ணா, அண்ணியக் காணம்?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ இப்ப வேற கோயில் பாத்துட்டா. ஆனமலைக்குப் போயி மொளகா அரச்சுட்டு வந்திருக்கறா. எனக்குத்தான் அரச்சாளோ என்னமோ, நாலு நாளாக் கண்ணெரியுது." எல்லாரும் டீயைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சுக்கு அந்தக் கூட்டத்தில் அப்படிச் சிரிப்பு வந்து வெகு நாளாகியிருந்தது. ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன், கண்ணு. வேறு ஒரு காரணமும் இல்லை. காரணம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

அதோடு நின்றிருந்தால் வாய்க்கொழுப்பு என்று சொல்லலாம். நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெண்கள் சங்கத்தில் யாரோ அம்மாவை ‘மொளகா எஸ்தர்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்தாள். "யாருங்க சொல்லியிருப்பாங்க? உங்களத் தவுத்து நான் ஆர்ட்டயும் மூச்சு உடலீங்களே" என்றாள். அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். நான்தான் அம்மணி, தப்பு பண்ணிப்போட்டேன் என்று நாலு வார்த்தை. நான் சொன்னது: "உங்கக்கா எங்கியாச்சும் சொல்லியிருப்பா. அவளுக்குத்தான் வாய்ல ஒண்ணும் நிக்காதே."

அம்மா அன்றைக்கே பெரியம்மாவுக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். "என்ற மானத்த வாங்கிட்டியேக்கா" என்று கேட்டது. அந்தப் பக்கம் பெரியம்மா சத்தியம் செய்து அழுதிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு வயிற்றில் பிறந்து ஐம்பத்து சொச்சம் வருஷம் ஒரு வாரம்கூடப் பேசாமல் இருக்காதவர்கள், அம்மாவின் கடைசி ஏழு மாதம் பேசவில்லை. சாவுக்குப் பெரியம்மா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. நம் சந்து முனையில், கரண்ட் கம்பத்தை ஒட்டி நின்று, "நாந்தான் கெடுத்துப்போட்டேன், நான் கூப்பிடாம இருந்திருந்தா உன்னய உள்ள உட்டிருப்பாங்களே" என்று அடித்துக்கொண்டாள். நீ போய்க் கூப்பிட்டாய். அவள் மாட்டேன் என்று தலையாட்டியதைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். அதன்பிறகு அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. உன் கல்யாணத்துக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என்ன காரணம் என்று நீ என்னிடம் கேட்டாய். வயசாயிருச்சு, பஸ் ஏற முடியாது என்று சொன்னேன். ஆறு வருஷமாக ஒரு பாவமும் செய்யாத ஒருத்தி என் பாவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் தானாக விரும்பிச் சுமந்தார், அவளுக்கு நான் ஏற்றிவைத்தேன். இந்த வித்தியாசம் தெரியாமலா நான் விளக்கவுரை படித்தேன்?

அதனால் நான் மனோகரனை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அவர் பூட்டியது பூட்டியதுதான். என் வாயில் இருந்து வந்த கல்லை எறிந்தது அவர் கை. என் தப்பைச் சொல்வதால் அவர் தப்பு சின்னதாகாது. போன வருஷம் ஆயர் என்னிடம், "ஐயா, நாம எல்லாருமே பாவிங்கதானுங்களே" என்று சமாதானம் சொன்னார். எல்லாரும் என்பது ஒளிந்துகொள்ள நல்ல இடம். ஞாயிறுதோறும் பாவ அறிக்கையில் இருநூறு பேர் ஒரே குரலில் சொல்கிறோம். அந்தச் சத்தத்தில் ஒருத்தர் குரல்கூடத் தனியாகக் கேட்பதில்லை. நான் அந்த அறிக்கையை ஆறு வருஷமாகச் சத்தமாகச் சொல்லிவருகிறேன். அன்று மனோகரன் கேட்டைச் சாத்தியதைவிட நான் அதைச் சொல்லிக்கொண்டு வந்தது பெரிய பொய்யோ என்று இப்போது தோன்றுகிறது. தெரியவில்லை. அளந்து பார்க்கத் தெம்பு இல்லை.

அலுத்துவிட்டது, கண்ணு. கோபத்தைப் பிடித்துவைத்திருக்கவும் உடம்பில் பலம் வேண்டும். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷம் மனோகரன்மேல் கோபமாக இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தக் கேட் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தால் அடுக்களைக்குள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நீ கேட்டாயே, மன்னிச்சு உட்ருங்கப்பா என்று. என்னிடம் அது இருந்தால் கொடுத்துவிடுவேன். இப்போது கையில் இல்லை. வரும் என்று நம்புகிறேன், ஆனால் உன் கல்யாணத் தேதிக்குள் வந்துவிடும் என்று எழுதிக்கொடுக்க மாட்டேன். உன் அம்மாவிடம் கேட்க வழியில்லை. அவளிடம் கேட்க வேண்டியதை ஆண்டவரிடம்தான் கேட்க முடியும், கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஆனைமலையில் உயிரோடு இருக்கிறவளைத் தாண்டிக்கொண்டு போய் அவரிடம் கேட்டால், முதலில் அங்கே போய்விட்டு வா என்றுதான் சொல்வார்.

ஆகவே செய்ய வேண்டியது இது.

ஓலையை நிறுத்த வேண்டாம். நான் தடை சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை. பிரிசில்லா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது, அப்பாவிடம் போய்ப் பேசு என்று நீயும் அனுப்பக் கூடாது. அம்மா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பெட்டிக்குப் பூ கொண்டுவந்து வைத்த ஒரே சபைப் பிள்ளை அவள்தான்.

வரும் ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்து முடித்ததும் நான் எழுந்து நிற்பேன். முன்கூட்டியே ஆயரிடம் சொல்லிவிட்டேன், அவர் இடம் கொடுப்பார். நான் டீ குடித்துக்கொண்டு சொன்னதையும், அதைப் பெரியம்மாமேல் போட்டதையும் சொல்வேன். மனோகரனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. நீ வர வேண்டியதில்லை. வந்தால் பின்னால் உட்கார், என் பக்கத்தில் வந்து கையைப் பிடிக்காதே.

மனோகரன் தன்னுடையதைத் தானே சொல்ல வேண்டும். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அல்ல, பூட்டிய இடத்தில் நின்று, சபை கேட்க. நான் என்ன நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் நான் கல்யாணத்துக்கு வருவேன், உன்னை ஆசீர்வதிப்பேன், பந்தியில் சாப்பிடுவேன். ஆனால் சம்பந்தி மாலை மாற்றிக்கொள்ள மாட்டேன். அதற்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்த வேண்டாம், போட்டோக்காரர் உள்பட.

ஆயரும் கமிட்டியும், அம்மாவின் பேரைச் சொல்லி, நடக்காமல் போன அந்த ஆராதனையை ஒருநாள் நடத்த வேண்டும். கேட்டு விண்ணப்பம் எழுத மாட்டேன். அது அவர்கள் தானாகச் செய்ய வேண்டியது.

ஆனைமலைக்குப் புதன்கிழமை நான் போகிறேன். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கே மாறிக்கொள்வேன். கார் அனுப்புகிறேன் என்று சொல்லாதே. பெரியம்மாவுக்கு முன்னதாகப் போன் பண்ணி, அப்பா வருகிறார், பாவம், வயசானவர் என்று தயார் செய்யாதே. அவள் திட்டினால் திட்டட்டும், மன்னிக்க மாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம். எனக்காக அவளிடம் பரிந்து பேசக் கூடாதவன் நீ. கல்யாணத்துக்கு வருகிறேன் என்று அவளாகச் சொன்னால் மட்டும் போய்க் கூட்டிவர வேண்டியவனும் நீ. அவள் கதவைத் திறக்காவிட்டால், கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்து, அடுத்த புதன்கிழமை மறுபடி போக வேண்டியவன் நான்.

அப்பா